ஆறாயிரம் பேருக்கு ஒரு பாதம்

பாளையங்கோட்டைப் பக்கத்திலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். கோடை விடுமுறை வேதாகமப் பள்ளிக்காகப் பிள்ளைகளோடு சேர்ந்து ஆசரிப்புக் கூடாரத்தின் மாதிரி செய்துகொண்டிருக்கிறாராம். தெர்மாகோல் பலகைகளில் தங்கத்தாள் ஒட்டியாயிற்று, திரைகளுக்கு நீலமும் சிவப்புமாகத் துணி வாங்கியாயிற்று. ஆனால் பலகைகள் நிற்க மாட்டேன் என்கின்றன. "கடைக்கால் தோண்டாமல் பாலைவனத்தில் அதை எப்படி நிறுத்தினார்கள்?" என்று கேட்கிறார்.

கூடாரத்தைப் பற்றி நான் கேட்ட பிரசங்கங்களில் உடன்படிக்கைப் பெட்டி வரும், கேருபீன்கள் வருவார்கள், திரைச்சீலையின் ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு பொருள் வரும். பலகைக்குக் கீழே என்ன இருந்தது என்று யாரும் சொல்லிக் கேட்டதில்லை. யாத்திராகமம் அதைச் சொல்கிறது. அதுவும் வரவுசெலவுக் கணக்கோடு சொல்கிறது.

பலகை ஒன்றின் உயரம் பத்து முழம், ஏறக்குறைய நாலரை மீட்டர். அகலம் ஒன்றரை முழம். மரம் சீத்திம், பாலைவனத்தில் வளரும் வேலமர வகை. தெற்கே 20, வடக்கே 20, மேற்கே மூலைப் பலகைகளோடு 8, ஆக 48 பலகைகள். கிழக்கே வாசல் என்பதால் அங்கே தூண்களும் தொங்குதிரையும் மட்டும். ஒவ்வொரு பலகையின் அடியிலும் இரண்டு கழுந்துகள். கழுந்து ஒவ்வொன்றும் போய் உட்கார, வெள்ளியில் வார்த்த ஒரு பாதம்.

எங்கள் தாத்தா வீட்டுத் திண்ணைத் தூண்களும் இப்படித்தான் நின்றன. தூணை மண்ணில் ஊன்றவில்லை. தூணடிக் கல்லில் ஒரு குழி, தூணின் அடியில் அதற்கேற்ற கழுந்து, அவ்வளவுதான். வீட்டை மாற்றிக் கட்டியபோது தச்சர்கள் கூரையை இறக்கிவிட்டுத் தூணை அப்படியே மேலே தூக்கினார்கள். ஆணி பிடுங்கவும் இல்லை, அறுக்கவும் இல்லை. அடிக்கடி பெயர்த்தெடுக்க வேண்டிய கட்டடத்துக்கு இதைவிடப் பொருத்தமான மூட்டு கிடையாது. கழுந்து ஒன்றாக இருந்தால் பலகை திரும்பிவிடும். இரண்டு இருப்பதால் திரும்ப வழியில்லை. அதற்குமேல் பக்கத்துக்கு ஐந்து தாழ்ப்பாள்கள், பலகைகளில் பதித்த தங்க வளையங்களுக்குள் நுழைந்து வரிசை முழுவதையும் ஒரே சுவராகப் பிணைத்தன. நடுத் தாழ்ப்பாள் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை ஓடியது. இவை போக முளைகளும் கயிறுகளும் உண்டு. வாசகிக்கு என் யோசனை: பிள்ளைகளைக் களிமண்ணில் பாதங்கள் பிடிக்கச் சொல்லுங்கள். எடை கீழே சேர்ந்துவிட்டால் தெர்மாகோலும் நிற்கும்.

எடைக்கு வருவோம். பலகைகளுக்கு 96 பாதங்கள், மகா பரிசுத்த ஸ்தலத்தின் திரையைத் தாங்கிய நான்கு தூண்களுக்கு 4, மொத்தம் 100. பாதம் ஒன்றுக்கு ஒரு தாலந்து வெள்ளி. தாலந்து என்பது ஏறக்குறைய 34 கிலோ. வெள்ளி அடர்த்தி மிகுந்த உலோகமாதலால் அத்தனை கிலோவும் மூன்றேகால் லிட்டர் இடத்துக்குள் அடங்கிவிடும். ஆக, பாதம் பார்வைக்குச் சிறியதாகத்தான் இருந்திருக்கும். ஒருவர் குனிந்து தூக்கிவிடலாம், ஆனால் முதுகு அதை மறக்காது.

இந்த வெள்ளி வந்த வழிதான் என்னை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது. பொன், வெண்கலம், நூல், தோல் எல்லாம் மனமுவந்து கொடுத்த காணிக்கை. அது எவ்வளவு வந்து குவிந்தது என்றால், கைவினைத் தலைவர்களான பெசலெயேலும் அகோலியாபும் அவர்களோடு வேலை செய்தவர்களும் திணறிப்போக, இனி கொண்டுவர வேண்டாம் என்று மோசே பாளயமெங்கும் அறிவிக்கவேண்டியதாயிற்று. பாதங்களின் வெள்ளிக்கு வேறு சட்டம். இருபது வயதும் அதற்கு மேலும் ஆன ஆண்கள் ஆளுக்கு அரைச் சேக்கல். செல்வர் அதைவிடக் கூட்டிக் கொடுக்கக் கூடாது, ஏழை குறைத்துக் கொடுக்கக் கூடாது. எண்ணப்பட்டவர்கள் 6,03,550 பேர் என்கிறது கணக்கு. அவர்களின் அரைச் சேக்கல்கள் சேர்ந்தால் 3,01,775 சேக்கல். ஒரு தாலந்துக்கு 3,000 சேக்கல் என்று வகுத்துப் பாருங்கள்: 100 தாலந்து, மீதி 1,775 சேக்கல். நூறு தாலந்தும் நூறு பாதங்களாயின. மீதி எங்கே போயிற்று என்பதையும் கணக்கு விட்டுவைக்கவில்லை: பிராகாரத் தூண்களின் கொக்கிகளுக்கும் பூண்களுக்கும் தலைப்புத் தகடுகளுக்கும்.

அப்படியானால் ஒரு பாதத்தில் 6,000 பேர் இருக்கிறார்கள். ஆயிரம் ஆடு வைத்திருந்தவனின் வெள்ளியும் ஒன்றுமில்லாதவனின் வெள்ளியும் ஒரே உலையில் உருகி ஒரே பாதமாயிற்று. எது யாருடையது என்று பிரிக்க முடியாது. பெண்கள் இந்த எண்ணிக்கையில் இல்லை. ஆனால் அவர்கள் நூற்ற ஆட்டுமயிர் கூடாரத்தின் மேலே இருந்தது. அவர்கள் கொடுத்த வெண்கலக் கண்ணாடிகள் ஆசாரியர் கைகால் கழுவும் தொட்டியாயின.

ஆறு லட்சம் ஆண்கள் என்ற எண்ணிக்கையை வரலாற்றுக் கணக்காக ஏற்காத அறிஞர்கள் பலர். அத்தனை பெரிய கூட்டம் தங்கிச் சென்ற தடயம் சீனாயில் கிடைக்கவில்லை. இந்த அதிகாரங்களைப் பிற்கால ஆசாரியர்கள் எழுதினார்கள் என்பது பரவலான கருத்து. ஆனால் தொழில்நுட்பம் கற்பனை அல்ல. 1925இல் எகிப்தின் கீசாவில் மன்னர் கூபுவின் தாய் ஹெத்தெபெரஸின் கல்லறை திறக்கப்பட்டபோது, பொன்தகடு போர்த்திய மரக்கால்களும் விட்டங்களுமாகக் கழற்றி மாட்டக்கூடிய ஒரு விதானச் சட்டம் கிடைத்தது. அது ஏறக்குறைய 4,600 ஆண்டுப் பழமை. பொன்போர்த்திய மரத்தைப் பூட்டிக் கழற்றும் கைவேலை மோசேயின் காலத்துக்கு மிக முந்தியது. பாதக் கணக்கைப் பிற்கால ஆசாரியர் ஒருவரே எழுதியிருந்தாலும், எல்லாருடைய பங்கையும் அவர் சுவருக்கு அடியில் கொண்டுபோய் வைத்தார் என்பதே எனக்குப் பெரிதாகப் படுகிறது.

இத்தனை எடையையும் சுமந்தவர்கள் லேவியரில் மெராரியின் வம்சத்தார். திரைகள் கெர்சோனியருக்கு, பெட்டியும் பலிபீடங்களும் குத்துவிளக்கும் கோகாத்தியருக்கு. மெராரியருக்கு வாய்த்தது பலகையும் தாழ்ப்பாளும் பாதமும் முளையும் கயிறும். ஆறு கூண்டு வண்டிகளில் நான்கும், பன்னிரண்டு மாடுகளில் எட்டும் அவர்களுக்கே கொடுக்கப்பட்டன. அப்படியும் வெள்ளி மட்டுமே வண்டிக்கு 800 கிலோவுக்கு மேல் வரும். அவர்கள் சுமக்கும் சாமான்களைப் பேர் பேராக எண்ணி ஒப்படைக்க வேண்டும் என்றும் கட்டளை இருந்தது. பயணத்தில் கெர்சோனியரும் மெராரியரும் முன்னே போவார்கள், கோகாத்தியர் பின்னே வருவார்கள். பரிசுத்தப் பொருள்கள் வந்து சேருமுன் கூடாரம் எழும்பி நிற்க வேண்டும். முதலில் மணலில் இறங்குவது பாதம்தான்.

கூடாரத்தைப் பிற்காலத்தில் உருவகமாக எடுத்துக்கொண்டவர்களில் பலரும் மேற்பகுதியையே எடுத்துக்கொண்டார்கள். கூடாரத் தொழில் தெரிந்த பவுல், அழியும் உடலைக் கூடாரம் என்றார். கத்தோலிக்க ஆலயங்களில் நற்கருணைப் பேழையின்மேல் கூடாரம்போலத் திரையிடும் பழைய வழக்கம் உண்டு. பாதத்தை எடுத்துக்கொண்டவர்களை நான் கண்டதில்லை. நம் ஊர் ஆலயங்களில் மின்விசிறி இறக்கையில், குழல்விளக்கில், பெஞ்சு முதுகில், வாசல் பளிங்கில் எல்லாம் உபயதாரர் பெயர் எழுதியிருக்கிறது. கூட்டிக் கொடுத்தவர் பெயர் பெரிய எழுத்திலும் குறைத்துக் கொடுத்தவர் பெயர் சிறிய எழுத்திலும் இருக்கும். கொடுக்க இயலாத விதவைத் தாய் அந்தப் பளிங்கைக் கடந்துதான் உள்ளே வரவேண்டும். இது எனக்கு வேதனை தருகிறது. கூடாரத்தைப் போதிப்பவர்கள் ஒரு ஞாயிறாவது நிறங்களை விட்டுவிட்டு யாத்திராகமம் 38ஆம் அதிகாரத்தின் கணக்கைச் சபையில் வாசிக்கலாம்.

அரைச் சேக்கல் கூடாரத்தோடு முடியவில்லை. எருசலேம் தேவாலயம் நின்ற நாளில் அது ஆண்டு வரியாயிற்று. கப்பர்நகூமில் பேதுருவிடம் கேட்கப்பட்டது இந்த வரிதான். தீருவின் வெள்ளிக் காசாகவே கட்டவேண்டியிருந்ததால் ஆலய முற்றத்தில் காசுக்காரர்கள் பலகை போட்டு உட்கார்ந்தார்கள். கி.பி. 70இல் ரோமர் தேவாலயத்தை எரித்தபின் பேரரசர் வெஸ்பாசியன் வரியை நிறுத்தவில்லை. அரைச் சேக்கலுக்கு ஈடான அதே இரண்டு திராக்மாவை ரோமின் ஜூபிடர் கோயிலுக்குக் கட்டச் சொன்னார், பெண்களிடமும் பிள்ளைகளிடமும் சேர்த்து வாங்கினார். எகிப்தின் எட்ஃபூவில் அந்த வரிக்கான ரசீதுகள் பானையோட்டுச் சில்லுகளில் எழுதப்பட்டுக் கிடைத்திருக்கின்றன. கட்டியவர்களின் பெயர்கள் அவற்றில் இருக்கின்றன.