கார் சத்தத்தைக் கண்ணால் பாருங்கள்!

கம்ப்யூட்டரில் பாட்டு கேட்கலாம், பேசிப் பதிவு செய்யலாம். காரின் பின்பக்கம் கேட்கும் "டிக் டிக்" சத்தம் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்க முடியுமா? முடியும். செலவு எதுவும் இல்லை. ஒரு செல்போன், ஒரு இலவச சாப்ட்வேர், கொஞ்சம் வகுத்தல் கணக்கு போதும்.

திருவண்ணாமலை வாசகர் ஒருவர் ஒரு ஸ்டாண்டர்டு ஹெரால்டு வைத்திருக்கிறார். அப்பா காலத்து வண்டி. பின் அச்சுப் பக்கம் சத்தம் வருகிறது. ஒரு மெக்கானிக் டிபரன்ஷியலைக் கழற்ற வேண்டும் என்கிறார், இன்னொருவர் வீல் பேரிங் என்கிறார். இந்த வண்டிக்கு கிரவுன் பினியன் செட் இன்று கடையில் போய்க் கேட்டு வாங்கும் பொருள் அல்ல. தேவையில்லாமல் கழற்றினால் வண்டி மாதக்கணக்கில் ஷெட்டில் நிற்கும். கண்டுகொள்ளாமல் விடவும் முடியாது. ஹெரால்டில் பின் சக்கரத்தின் ஹப், ஆக்ஸில் ஷாப்ட்டின் நுனியிலேயே உட்கார்ந்திருக்கிறது. வெளிப்பக்கம் ஷாப்ட் முறிந்தால் சக்கரமே கழன்று ஓடிவிடும்.

ஹெரால்டு பற்றி இரண்டு வரி. 1959-ல் பிரிட்டனில் டிரையம்ப் ஹெரால்டு என்று வெளிவந்த இந்த காரை வடிவமைத்தவர் இத்தாலியரான ஜியோவன்னி மிக்கலோட்டி. 1961 முதல் சென்னையில் ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் நிறுவனம் இதைத் தயாரித்தது. இதே சேஸிஸைக் குட்டையாக்கி அமைத்ததுதான் 1962-ல் வந்த ஸ்பிட்பயர் ஸ்போர்ட்ஸ் கார். எனவே கீழே சொல்வது அதற்கும் பொருந்தும். இரண்டிலும் டிபரன்ஷியல் சேஸிஸில் நிலையாக இருக்கும். இரு பக்க ஷாப்ட்டுகளும், உள்பக்கம் ஆளுக்கொரு யுனிவர்சல் ஜாயிண்ட்டுடன், சிறகு போல ஏறி இறங்கும். நம் ஊர் மெக்கானிக்குகளுக்கு இந்த அமைப்பு பிடிக்கவில்லை. 1972-ல் வந்த கெஸலில் அம்பாசடர் போல ஒரே கட்டையான அச்சு வைத்துவிட்டார்கள்.

இனி கணக்கு. காரின் ஒவ்வொரு பாகமும் தனக்கென ஒரு வேகத்தில் சுழல்கிறது. நொடிக்கு எத்தனை சத்தம் என்று தெரிந்தால் பாகம் தெரிந்துவிடும். டயரில் சாக்பீஸால் கோடு போட்டு, காரை ஒரு முழுச் சுற்று தள்ளி, தரையில் நீளத்தை அளந்து கொள்ளுங்கள். 1.75 மீட்டர் என்று வைத்துக் கொள்வோம். 25 கிலோமீட்டர் வேகத்தில் கார் நொடிக்கு 6.94 மீட்டர் போகும். அதை 1.75-ஆல் வகுத்தால் சக்கரம் நொடிக்கு ஏறத்தாழ 4 சுற்று. டிபரன்ஷியல் விகிதம் 4.11 என்றால், புரொப்பெல்லர் ஷாப்ட் 16 சுற்றுக்குக் கொஞ்சம் மேல். உங்கள் வண்டியின் விகிதம் தெரியாதா? முன் சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, ஒரு பின் சக்கரத்தை மட்டும் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்துங்கள். ஹேண்ட் பிரேக்கை விடுவித்து, கியரை நியூட்ரலில் வைத்து, சக்கரத்தை 20 சுற்று சுற்றுங்கள். புரொப்பெல்லர் ஷாப்ட் 41 சுற்று வந்தால் விகிதம் 4.11. ஒரு சக்கரம் நிற்கும்போது மற்றது இரண்டு மடங்கு சுற்றும் என்பதால் இந்தப் பாதிக் கணக்கு.

பதிவு செய்ய கிரிவலப் பாதை வேண்டாம். பௌர்ணமி இல்லாத நாளிலும் அந்த 14 கிலோமீட்டரில் ஆட்கள் நடந்து கொண்டிருப்பார்கள். செங்கம் சாலையில் அதிகாலையில் ஆளில்லாத நேராக உள்ள இடம் நல்லது. ஓட்டுபவர் ஓட்டட்டும், பின் சீட்டில் இருப்பவர் பதிவு செய்யட்டும். பழைய ஸ்பீடோமீட்டரை நம்பாமல் போனின் ஜிபிஎஸ் வேகத்தைப் பாருங்கள். கண்ணாடிகளை ஏற்றிவிட்டு, மூன்றாவது கியரில் 25-ல் சீராக அரை நிமிடம். பைல் டபிள்யூஏவி வடிவில் இருக்கட்டும்.

பைலை ஆடாசிட்டி சாப்ட்வேரில் திறங்கள். எபெக்ட் மெனுவில் ஹை-பாஸ் பில்டரைத் தேர்வு செய்து 1000 ஹெர்ட்ஸ் கொடுத்தால் என்ஜின் உறுமல் பெரும்பாலும் அடங்கும். இப்போது அலைவடிவத்தைப் பெரிதாக்கி ஒரு நொடி அளவை மவுஸால் தேர்வு செய்து, முள் போல் எழும்பும் கோடுகளை எண்ணுங்கள். 4 முள் என்றால் சக்கரம், ஹப் அல்லது பிரேக் டிரம். 16 என்றால் புரொப்பெல்லர் ஷாப்ட். 33 என்றால் அதன் யுனிவர்சல் ஜாயிண்ட், ஏனெனில் காய்ந்துபோன ஜாயிண்ட் ஒரு சுற்றுக்கு இரண்டு முறை சத்தம் போடும்.

திருவண்ணாமலை பைலில் இருந்தவை 8. சக்கரச் சுற்றுக்கு இரண்டு! ஆக்சிலரேட்டரை மிதித்தால் முள் உயர்கிறது, விட்டால் குறைகிறது. ஆக, ஆக்ஸில் ஷாப்ட்டின் ஜாயிண்ட். மெக்கானிக்குகள் கிராஸ் என்பார்களே, அதுதான்.

டிபரன்ஷியலையும் சோதித்துவிடலாம் என்று 50 கிலோமீட்டரில் இன்னொரு பதிவு கேட்டோம். 4.11 என்பது பினியனில் 9 பல், கிரவுன் வீலில் 37 பல். சக்கரம் நொடிக்கு 7.94 சுற்று என்றால், பற்கள் உரசும் ஊளை 294 ஹெர்ட்ஸில் வர வேண்டும். இதற்கு பில்டர் போடக் கூடாது. அனலைஸ் மெனுவில் பிளாட் ஸ்பெக்ட்ரம் கிளிக் செய்து, சைஸ் 16384 கொடுங்கள். 294-ல் மேடு எதுவும் தெரியவில்லை.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. டாப் கியரில் என்ஜினும் புரொப்பெல்லர் ஷாப்ட்டும் ஒரே வேகத்தில் சுழலும். 50-ல் 65 ஹெர்ட்ஸ் மேடு கண்டு ஷாப்ட்டைக் குற்றம் சொன்னால், அது நான்கு சிலிண்டர் என்ஜினின் வெடிப்புச் சத்தமாகவே இருக்கலாம். அதே வேகத்தில் மூன்றாவது கியரிலும் பதிவு செய்யுங்கள். இடம் மாறினால் என்ஜின், மாறாவிட்டால் ஷாப்ட்.

போனை இடது, வலது சக்கரங்களுக்குப் பக்கத்தில் வைத்து எடுத்த பதிவுகளில் வலது பக்கம்தான் முள் உயரமாக இருந்தது. கழற்றிப் பார்த்ததில் கிரீஸ் வற்றி, உள்ளே ஊசி பேரிங்குகள் துருப்பொடியாகி இருந்தன. கிராஸ் மாற்றி, அதே கையோடு ஷாப்ட்டில் விரிசல் இருக்கிறதா என்றும் பார்க்கச் சொன்னோம். இல்லை.

கெஸல், அம்பாசடர் வைத்திருப்பவர்களுக்கு 8 முள் வந்தால் இந்த முடிவுக்கு வராதீர்கள். அந்த அச்சுகளில் இந்த ஜாயிண்ட்டே கிடையாது. சத்தமில்லாத வண்டி வைத்திருப்பவர்களும் இப்போதே ஒரு பதிவு எடுத்து, பைல் பெயரில் தேதியும் வேகமும் கியரும் போட்டு சேமித்து வையுங்கள். நாளை ஏதாவது கேட்டால் பக்கத்தில் வைத்து ஒப்பிட அது வேண்டும்.