கால்நடைகளின் குடலில் வாழும் நுண்கிருமிகளும் நோயைத் தடுக்கும் சக்தியும்

ஒரே தொழுவத்தில், ஒரே வாரத்தில் பிறந்த இரண்டு கன்றுகளில் ஒன்று கழிச்சல் கண்டு நான்கைந்து நாட்களில் மாண்டுபோவதும், மற்றொன்று யாதொரு துன்பமுமின்றி வளர்ந்து வருவதும் குடியானவர் பலரும் கண்டறிந்த விஷயமே. இரண்டும் நின்ற தரை ஒன்று. குடித்த தண்ணீர் ஒன்று. அவற்றைப் பராமரித்த கையும் ஒன்றே. அங்ஙனமிருக்க, நோய் ஒன்றை மட்டும் பற்றிக்கொண்டு மற்றொன்றை விட்டுவிடுவானேன்? கண்ணேறு என்றும், கன்றின் விதி என்றும் இதற்குக் காரணம் கூறுவது வழக்கம். ஆனால் உண்மைக் காரணம் பெரும்பாலும் கன்றின் குடலுக்குள்ளேயே இருக்கிறது. அதை அறிந்துகொள்வது, ஒரு கறவைப் பசுவையே ஆதாரமாகக் கொண்ட குடும்பத்துக்கும், பல ஜோடி மாடுகளை வைத்து ஆள்பவர்களுக்கும் ஒருங்கே பயன் தருவதாகும்.

குடலில் வாழும் குடிகள்

கிருமி என்ற சொல்லைக் கேட்டதும் நோயை நினைப்பதே பொது வழக்கம். ஆனால் கிருமிகளில் மிகப் பெரும்பாலானவை தீங்கற்றவை, பல இன்றியமையாதவை. பெரிய பசுவொன்றின் முதல் வயிறு 100 லிட்டருக்கும் மேல் கொள்ளக்கூடியது. அதிலுள்ள நீரில் ஒரு மில்லிலிட்டருக்குள் ஏறக்குறைய 1,000 கோடி பாக்டீரியாக்கள் இருக்கின்றன. பசு தின்னும் வைக்கோலையும் புல்லையும் அதன் சொந்த ஜீரண நீர்களால் கரைக்க இயலாது. மேற்படி நுண்கிருமிகளே நாரைப் புளிக்க வைத்து, அசெட்டிக், புரோபியோனிக், பியூட்ரிக் என்னும் அமிலங்களாக மாற்றுகின்றன. பசுவுக்கு வேண்டிய சக்தியில் ஏறக்குறைய பத்தில் ஏழு பங்கு இவ்வமிலங்களிலிருந்தே கிடைக்கிறது. ஆகையால் மாட்டுக்குத் தீனியிடுகிறவர் உண்மையில் முதலாவதாக அதன் வயிற்றிலுள்ள கிருமிகளுக்கே தீனியிடுகிறார் என்று கூறலாம்.

இவை உணவைச் செரிப்பிப்பதோடு நின்றுவிடுவதில்லை; நோயைத் தடுப்பதிலும் பெரும் பங்கு கொண்டவை. இவ்வுண்மை சில பரிசோதனைகளால் நன்கு விளங்கிற்று.

பரிசோதனைகள் காட்டிய உண்மை

குடலில் கிருமிகளே இல்லாமல் ஒரு பிராணி உயிர் வாழ முடியுமா என்ற கேள்வி 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் எழுந்தது. 1895-ஆம் ஆண்டில் பெர்லின் நகரில் நட்டால், தீர்ஃபெல்டர் என்னும் இருவர் தாயின் வயிற்றைக் கீறி எடுத்த சீமைப்பெருச்சாளிக் குட்டிகளைக் கிருமிகள் அணுகாத கூண்டில் சில நாட்கள் வளர்த்துக் காட்டினர். பிற்காலத்தில், அமெரிக்காவிலுள்ள நோட்ர டாம் சர்வகலாசாலையில் இத்தகைய எலிகளைத் தலைமுறை தலைமுறையாக வளர்க்கும் முறைகள் ஏற்பட்டன. இப்பிராணிகள் உயிர் வாழ்ந்தனவெனினும் அவற்றின் உடலில் ஒரு பெருங்குறை காணப்பட்டது. குடற்சுவரில் நோயை எதிர்ப்பதற்கென அமைந்த முடிச்சுகள் சரிவர வளரவில்லை. குடலைக் காக்கும் எதிர்ப்பொருள்களும் மிகக் குறைவாகவே சுரந்தன. கூண்டுக்கு வெளியே விட்டால் அவை எளிதில் நோய்வாய்ப்பட்டன. எதிரியையே காணாத படை போர்ப் பயிற்சி பெறுவதில்லை என்பது போன்றதே இது.

மற்றொரு பரிசோதனை சிகாகோ சர்வகலாசாலையில் போன்ஹாஃப், மில்லர் முதலியோரால் 1954 முதல் நடத்தப்பட்டது. சாதாரணச் சுண்டெலிக்கு ஸால்மொனெல்லா என்னும் குடல்நோய்க் கிருமி பற்றுவதற்கு ஏறக்குறைய ஒரு லட்சம் கிருமிகள் வேண்டியிருந்தன. ஸ்ட்ரெப்டோமைசின் என்னும் மருந்தை வாய்வழி கொடுத்தபின், அம்மருந்துக்கு அடங்காத அதே இனத்துக் கிருமிகளில் பத்துக்கும் குறைவானவையே நோயை உண்டாக்கப் போதுமானவையாயின. சுண்டெலியின் உடல் மாறவில்லை, நோய்க்கிருமியும் மாறவில்லை. குடலில் முன்பு குடியிருந்த நற்கிருமிகளை மருந்து அழித்துவிட்டதே இவ்வளவு பெரிய வேற்றுமைக்குக் காரணமாயிற்று.

காவல் செய்யும் விதம்

நற்கிருமிகள் நோயைத் தடுக்கும் வழிகள் நான்கு எனலாம்.

முதலாவது, இடத்தையும் உணவையும் முன்னரே கைப்பற்றிக் கொள்ளுதல். நெருங்கித் தழைத்த பயிருள்ள வயலில் களை தலையெடுப்பது அரிது. வெறுமையாய்க் கிடக்கும் வயலிலோ முதலில் விழுந்த விதை எதுவோ அதுவே பரவும். குடலும் அத்தன்மையதே.

இரண்டாவது, அமிலங்களையும் வேறு சில பொருள்களையும் உண்டாக்கி நோய்க்கிருமிகளை வளரவொட்டாமல் செய்தல்.

மூன்றாவது, குடற்சுவரைப் பேணுதல். நாருணவு புளித்து உண்டாகும் பியூட்ரிக் அமிலமே பெருங்குடலின் உட்புறத் தோலுக்கு முக்கிய ஆகாரம். அது குறைந்தால் தோல் நலிகிறது. கிருமிகளும் நஞ்சும் ரத்தத்தில் கசிய வழியுண்டாகிறது.

நான்காவது, உடலின் எதிர்ப்புச் சக்திக்குப் பயிற்சியளித்தல். உடலின் எதிர்ப்பு அணுக்களில் பெரும்பகுதி குடலையொட்டியே அமைந்துள்ளது. எதை எதிர்க்கவேண்டும், எதைப் பொறுத்துக்கொள்ள வேண்டும் என்ற பகுத்தறிவை அவை இளம்பருவத்தில் நற்கிருமிகளின் சேர்க்கையாலேயே கற்கின்றன. இப்பருவத்தில் நேரும் குறையைப் பின்னர் ஈடுசெய்வது கடினம்.

தாயில்லாக் குஞ்சுகள்

பின்லாந்து தேசத்தில் 1971-ஆம் ஆண்டு இறைச்சிக்கோழிப் பண்ணைகளில் ஸால்மொனெல்லா பெருவாரியாகப் பரவிற்று. அதை ஆராய்ந்த நூர்மி, ரன்டாலா என்பவர்கள் ஒரு விஷயத்தைக் கவனித்தனர். கோழியின் கீழ் பொரித்த குஞ்சு, முதல் நாளிலேயே தாயின் எச்சத்தையும் அது சீய்க்கும் மண்ணையும் கொத்தி, தாயின் குடற்கிருமிகளைப் பெற்றுவிடுகிறது. பொரிக்கும் யந்திரத்தில் பிறந்த குஞ்சோ தாயைக் காண்பதே இல்லை. அதன் குடல் வெறுமையாயிருப்பதால் சில நோய்க்கிருமிகளே அதனைப் பற்றப் போதுமானவை. இவர்கள் வளர்ந்த, நோயற்ற சேவல்களின் குடற்பொருளை எடுத்துக் குஞ்சுகளுக்குப் புகட்டினர். அக்குஞ்சுகளில் பெரும்பாலானவை பின்னர் ஸால்மொனெல்லாவை எதிர்த்து நின்றன. 1973-ஆம் ஆண்டில் வெளியான இம்முடிவு நூர்மி முறை என்ற பெயருடன் வழங்கி வருகிறது.

ஆனால் கண்ட கோழியின் எச்சத்தையும் குஞ்சுகளுக்கு ஊட்டலாம் என்று இதிலிருந்து கொள்ளலாகாது. எச்சத்தில் பலவகை நோய்க்கிருமிகளும் புழுமுட்டைகளும் இருக்கக்கூடும். பரிசோதித்துத் தயாரிக்கப்பட்ட பொருள்களையே பண்ணைகள் உபயோகிக்க வேண்டும்.

சீம்பாலின் அருமை

மனிதக் குழந்தை கருவிலிருக்கும்போதே தாயின் ரத்தத்திலிருந்து எதிர்ப்பொருள்களைப் பெறுகிறது. பசு, எருமை, ஆடு ஆகியவற்றின் நஞ்சுக்கொடி இவற்றை உட்செலுத்துவதில்லை. எனவே கன்று யாதொரு கவசமுமின்றிப் பிறக்கிறது. அக்கவசம் சீம்பாலில்தான் இருக்கிறது. பிறந்த கன்றின் குடல் அப்பொருள்களை முழுமையாகவே உறிஞ்சி ரத்தத்தில் சேர்க்கவல்லது. ஆனால் இவ்வாற்றல் மணிக்கு மணி குன்றி, ஏறக்குறைய 24 மணி நேரத்தில் அற்றுப்போகிறது. மறுநாள் கொடுக்கும் சீம்பால் குடலின் உட்புறத்தை ஓரளவு காக்குமேயன்றி ரத்தத்தில் சேராது.

சீம்பால் நற்கிருமிகளுக்கும் உணவாகிறது. கன்று பிறக்கும் வழியிலும், தாய் நக்கும்போதும், மடியிலிருந்தும், தரையிலிருந்தும் கிருமிகள் அதன் குடலில் குடியேறத் தொடங்குகின்றன. அச்சமயத்தில் முந்திக்கொள்பவை நற்கிருமிகளா, சாணமும் மூத்திரமும் தேங்கிய தரையிலுள்ள கழிச்சற் கிருமிகளா என்பதே கன்றின் உயிரை நிர்ணயிக்கிறது. தொடக்கத்திற் கூறிய இரண்டு கன்றுகளுக்குள் இருந்த வேற்றுமை பெரும்பாலும் இதுவாகவே இருக்கும்.

நஞ்சுக்கொடி விழும்வரை கன்றை ஊட்ட விடலாகாது என்ற எண்ணம் பல கிராமங்களில் உண்டு. இது பெருந்தவறு. நஞ்சுக்கொடி விழப் பல மணி நேரம் ஆகலாம். அதற்குள் கன்றின் குடல் தன் ஆற்றலில் ஒரு பகுதியை இழந்துவிடும். கன்று ஊட்டுவதால் நஞ்சுக்கொடி விழுவது தடைப்படுவதுமில்லை. முதல் நாள் சீம்பாலை வேகவைத்து வெல்லமிட்டு அயல் வீடுகளுக்கும் பகிர்ந்தளிக்கும் வழக்கத்தில், கன்றின் பங்கு போக மிஞ்சியதையே எடுத்தல் நியாயம். கன்றின் எடையில் பத்திலொரு பங்கு சீம்பால் முதல் நாளில் அதற்குச் சேரவேண்டும்; 25 கிலோ எடையுள்ள கன்றுக்கு இது இரண்டரை லிட்டராகும். இதில் முதல் பகுதி பிறந்த 2 மணி நேரத்திற்குள் உட்செல்லுதல் அவசியம்.

தீனியைத் திடீரென மாற்றுதலின் கேடு

வளர்ந்த மாட்டிலும் இக்கிருமிகளின் சமநிலை கெட்டால் நோய் உண்டாகிறது. மாட்டுப்பொங்கலன்று பொங்கலையும், கலியாணங்களில் மிஞ்சிய சோற்றையும் மாடுகளுக்கு மிகுதியாக ஊட்டுவது இதற்குத் தக்க உதாரணம். மாவுப்பொருளைக் கண்டதும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் போவிஸ் முதலிய சில கிருமிகள் அளவின்றிப் பெருகி லாக்டிக் அமிலத்தை உண்டாக்குகின்றன. வயிற்றில் புளிப்பு ஏறுகிறது, நாரைச் செரிக்கும் கிருமிகள் மடிகின்றன, அசைபோடுதல் நின்றுவிடுகிறது. புளிப்பினால் வயிற்றின் உட்தோல் புண்ணாகி, அதன் வழியே கிருமிகள் ரத்தத்தில் புகுந்து ஈரலில் சீழ்க்கட்டிகளை உண்டாக்குவதுமுண்டு. குளம்பு நோவும் இதன் பின் வரலாம். கடுமையாயின் ஓரிரு நாட்களிலேயே மாடு இறக்கும். அன்போடு இட்ட உணவே அதற்கு நஞ்சாகிறது.

தீனியைப் படிப்படியாக மாற்றினால் கிருமிகளும் அதற்கேற்பத் தம்மை மாற்றிக்கொள்கின்றன. இதற்குப் பத்து முதல் பதினான்கு நாட்கள் வேண்டும்.

மருந்தை அளவின்றி வழங்குதல்

கிருமிக்கொல்லி மருந்துகள் பல உயிர்களைக் காத்தவை என்பதில் ஐயமில்லை. ஆயினும் அவை நண்பனையும் பகைவனையும் ஒருங்கே அழிப்பவை. கடையில் கிடைத்ததை வாங்கிக் கன்றுக்குப் புகட்டுவதும், வளர்ச்சிக்கெனத் தீனியில் தினந்தோறும் கலப்பதும், சிகாகோப் பரிசோதனையிற் கண்டவாறு குடலை வெறும் வயலாக்கிவிடுகின்றன. மருந்துக்கு அடங்காத கிருமிகளும் பெருகி மனிதருக்கும் பரவுகின்றன. இதனாலேயே ஸ்வீடன் தேசம் 1986-ஆம் ஆண்டிலும், ஐரோப்பிய ஒன்றியம் 2006-ஆம் ஆண்டிலும் வளர்ச்சிக்காகத் தீனியில் இம்மருந்துகளைக் கலப்பதைத் தடை செய்தன. இந்திய அரசாங்கம் 2019-ஆம் ஆண்டில், மனிதருக்குக் கடைசிப் புகலிடமான கோலிஸ்டின் என்னும் மருந்தை உணவுக்கான பிராணிகளுக்கும் கோழிகளுக்கும் வழங்கலாகாதெனத் தடுத்தது.

மனிதக் குழந்தைகளிலும் இவ்வுண்மை பொருந்தும். ஒடிசா மாகாணத்துக் கிராமங்களில் 4,500-க்கு மேற்பட்ட பச்சிளங் குழந்தைகளைக் கொண்டு செய்த பரிசோதனையின் முடிவு 2017-ஆம் ஆண்டில் வெளியாயிற்று. ஒருவகை லாக்டோபாசில்லஸ் கிருமியையும் அதற்கு உணவான சர்க்கரைப் பொருளையும் ஏழு நாட்கள் பெற்ற குழந்தைகளில், ரத்தத்தில் நஞ்சேறும் நோயும் மரணமும் சேர்ந்து நூற்றுக்கு 9 என்பதிலிருந்து 5.4 ஆகக் குறைந்தன. தேர்ந்தெடுத்த ஓர் இனத்துக்கே இப்பலன் காணப்பட்டது. எல்லாக் கிருமிக்கும் எல்லாத் தயிருக்கும் இது உண்டென்று கருதுதல் கூடாது.

விவசாயிகள் கைக்கொள்ள வேண்டியவை

1. பசு ஈனும் இடத்தைச் சுத்தமாக்கி, உலர்ந்த வைக்கோல் பரப்புக. மடியைக் கழுவுக. கன்றின் தொப்புளுக்கு டிங்சர் அயோடின் இடுக.

2. நஞ்சுக்கொடிக்குக் காத்திராமல் 2 மணி நேரத்திற்குள் சீம்பாலை ஊட்டுக. தாய் இறந்தால் அப்போது ஈன்ற வேறு பசுவின் சீம்பாலைக் கொடுக்கலாம்.

3. இரண்டாம் வாரம் முதல் நல்ல உலர்புல்லையும் சிறிது கலப்புத் தீனியையும் கன்றின் முன் வைக்க. அவற்றைக் கொறிப்பதால்தான் அதன் முதல் வயிறு வளர்கிறது.

4. கன்றுகளை வயதுவாரியாகப் பிரித்துக் கட்டுக. கழிச்சல் கண்ட கன்றை உடனே விலக்கி வைக்க.

5. கழிச்சல் கண்ட கன்றுக்குப் பாலை நிறுத்திவிடாமல், உப்பும் சர்க்கரையும் கலந்த நீரையும் இடையிடையே கொடுத்துக் கால்நடை வைத்தியரை அழைக்க. மருந்தை அவர் சொற்படியே கொடுக்க.

6. தீனியை இரண்டு வாரங்களில் சிறிது சிறிதாக மாற்றுக. பண்டிகை நாட்களில் பொங்கலும் சோறும் ஒரு கவளத்திற்கு மேல் வேண்டாம்.

கிராம அதிகாரிகள் இவ்விஷயங்களைக் கூட்டங்களில் எடுத்துரைத்தும், பொங்கலுக்கு முன் தண்டோராவின் மூலம் தெரிவித்தும் உதவலாம். இவற்றுள் பணச்செலவு மிகுந்தது ஒன்றுமில்லை. கன்று பிறந்த முதல் 2 மணி நேரக் கவனிப்பானது, பின்னர் வாங்கும் பல புட்டி மருந்துகளைக் காட்டிலும் மேலானதாகும்.