பாலுக்கு முன்னால் சூடு

தெருநாய் குட்டி போட எங்கே இடம் தேடுகிறது என்று கவனித்தால், மனிதர்களை அது எவ்வளவு நம்புகிறது என்பது தெரியும். குடவாசலைச் சுற்றிய கிராமங்களில் அந்த இடம் வைக்கோல் போரின் அடிப்பள்ளமாக இருக்கும். இல்லாவிட்டால் பூட்டிக்கிடக்கும் வீட்டின் திண்ணை, சாக்கு அடுக்கிய கொட்டகை மூலை, வாய்க்கால் மதகை ஒட்டிய மேடு. ஆளரவமில்லாத தோப்பு பக்கத்திலேயே இருந்தாலும் அங்கே போகாது. கொல்கத்தாவில் உள்ள இந்திய அறிவியல் கல்வி ஆராய்ச்சி நிறுவனத்தில் தெருநாய்களைப் பற்றி ஆராய்ந்துவரும் அனிந்திதா பத்ராவின் குழு, மேற்கு வங்கத்தில் 148 ஈற்றிடங்களைப் பார்த்துவிட்டு இதையேதான் சொன்னது: தாய் நாய்கள் மனிதர் புழங்கும் இடத்துக்கு அருகில்தான் குட்டி போட விரும்புகின்றன.

அந்த நம்பிக்கைக்குக் கிடைக்கும் பலன் நல்லதாக இல்லை. அதே குழு ஐந்து ஆண்டுகள் பின்தொடர்ந்து 2016இல் வெளியிட்ட கணக்கு இது. 95 ஈற்றுகளில் பிறந்த 364 குட்டிகளில், இனப்பெருக்க வயதான ஏழாவது மாதத்தை எட்டியவை 19 சதவீதம் மட்டுமே. இறப்பில் 63 சதவீதத்துக்கு ஏதோ ஒரு வகையில் மனிதர்தான் காரணம். நார்வேயில் பதிவு பெற்ற நாய் வளர்ப்பாளர்களிடம் பிறந்த 10,810 ஈற்றுகளை ஆராய்ந்தபோது, செத்துப் பிறந்தவையும் முதல் வாரத்தில் இறந்தவையும் சேர்ந்து 8 சதவீதம்தான். இரண்டும் வேறு வேறு கால அளவுகள், நேராக ஒப்பிட முடியாது. ஆனால் கவனிக்க ஆள் இருக்கும் குட்டிக்கும் இல்லாத குட்டிக்கும் உள்ள இடைவெளி இதில் தெரிகிறது.

வண்டிச் சக்கரத்தையும் விஷம் வைத்த சோற்றையும் தடுப்பது வேறு போராட்டம். பிறந்த முதல் மூன்று வாரம் அப்படியில்லை. அந்த நாட்களில் குட்டியைக் கொண்டுபோவது பெரும்பாலும் குளிர், பட்டினி, தொற்று ஆகிய மூன்றும்தான். மூன்றும் ஒன்றையொன்று கையைப் பிடித்து இழுத்துவரும். முன்னால் வருவது அநேகமாகக் குளிர். டெல்டாவில் ஐப்பசி, கார்த்திகை மழை வைக்கோல் போரை அடிவரை நனைத்துவிடும். மார்கழிப் பனியில் இரவு வெப்பம் 22 டிகிரி செல்சியஸை ஒட்டி இறங்கும். நமக்கு அது போர்வைக்குள் சுகமான குளிர். பிறந்து இரண்டு நாளான குட்டிக்கு வேண்டியதோ 30 டிகிரி.

காரணம் எளிமையானது. புதிதாகப் பிறந்த குட்டிக்கு நடுங்கத் தெரியாது. நடுக்கம் என்பது தசை விடாமல் சுருங்கி விரிந்து சூடு உண்டாக்கும் வேலை. அந்தத் திறமை வர ஒரு வாரமாவது ஆகும். தோலுக்கடியில் கொழுப்பும் அதிகமில்லை. தாயின் வயிறும் உடன்பிறந்த குட்டிகளின் குவியலும்தான் அதன் அடுப்பு. வளர்ந்த நாயின் உடல் வெப்பம் 101 டிகிரி ஃபாரன்ஹீட்டை ஒட்டி இருக்கும். முதல் வாரக் குட்டிக்கோ 95 முதல் 98 வரைதான். அதற்குக் கீழே இறங்கினால் இதயத் துடிப்பு குறையும், பால் உறிஞ்சும் வேகம் மங்கும். 94க்குக் கீழே போனால் குடல் தன் அசைவையே நிறுத்திவிடும்.

இரக்கமுள்ளவர்கள் தவறு செய்வது இந்த இடத்தில்தான். மழையில் நனைந்து வாய்க்கால் ஓரம் கிடந்த குட்டியை வீட்டுக்குத் தூக்கிவருவார்கள். பாவம், பசி என்று மாட்டுப்பாலைக் காய்ச்சி ஆறவைத்து, குழந்தைக்குப் புகட்டுவது போல மல்லாக்கக் கிடத்தி, இங்க் ஃபில்லரால் வாயில் ஊற்றுவார்கள். குடல் அசையாத வயிற்றில் அந்தப் பால் தேங்கிப் புளிக்கும். மல்லாந்து கிடப்பதால் பாதி நுரையீரலுக்குப் போகும். காலையில் குட்டி இருக்காது. ‘தாயில்லாத குட்டி, எப்படிப் பிழைக்கும்’ என்று குழி தோண்டுவார்கள். பட்டினியால் அது இறந்திருக்க வாய்ப்பு குறைவு.

முதலில் சூடு, பிறகுதான் பால். ஈரத்தைத் துணியால் துடைத்து, வயிற்றோடு அணைத்துக்கொள்வதே நல்ல தொடக்கம். வெந்நீர் பாட்டிலைத் துண்டில் சுற்றி அட்டைப்பெட்டியின் ஒரு பக்கம் வைக்கலாம். மறுபக்கம் காலியாக இருக்க வேண்டும். சூடு கூடினால் குட்டி நகர்ந்துபோக இடம் வேண்டுமே. அவசரம் கூடாது. ஒரு மணி, இரண்டு மணி நேரம் எடுத்து மெல்லச் சூடேற்ற வேண்டும். வீட்டில் காய்ச்சல் பார்க்கும் டிஜிட்டல் தெர்மாமீட்டர் இருந்தால், நுனியில் கொஞ்சம் எண்ணெய் தடவி ஆசனவாயில் வைத்துப் பார்க்கலாம். 96ஐத் தாண்டிய பிறகே பால். தெர்மாமீட்டர் இல்லாதவர்கள் சுத்தமான சுண்டுவிரலைக் குட்டியின் வாயில் வைக்கலாம். உள்ளே கதகதப்பாக, விரலைப் பிடித்து இழுத்துச் சப்பினால் தயார். வாய் சில்லென்று இருந்தால் இன்னும் நேரம் வேண்டும்.

தாய் ஒரு குட்டியை மட்டும் ஒதுக்கித் தள்ளுவதை ‘தாய்க்கே தெரிஞ்சுபோச்சு, அது தங்காது’ என்று ஊரில் விளக்குவார்கள். சில நேரம் அது உண்மை. பிறவிக் கோளாறு இருக்கலாம். ஆனால் உடல் குளிர்ந்த குட்டியையும் தாய் தள்ளிவிடும். அதைச் சூடேற்றித் திரும்ப மடியில் விட்டால் நக்கிச் சேர்த்துக்கொள்வதும் உண்டு. விதி என்று விடுவதற்கு முன் ஒரு மணி நேரம் கொடுத்துப் பார்க்கலாம்.

பாலிலும் ஒரு கணக்கு இருக்கிறது. நாய்ப்பாலில் கொழுப்பு 9 சதவீதம், புரதம் 7 சதவீதத்தை ஒட்டி இருக்கும். பசும்பாலில் இரண்டும் அதில் பாதிக்கும் குறைவு, பால் சர்க்கரை மட்டும் அதிகம். அதனால்தான் பசும்பால் குடித்த குட்டிக்கு எடை ஏறாமல் கழிச்சல் மட்டும் வருகிறது. மருந்துக்கடையில் கிடைக்கும் குட்டிகளுக்கான பால் மாவு விலை கூடுதல்தான், ஆனாலும் அதுவே சரி. எந்தப் பாலானாலும் குட்டி குப்புறப் படுத்துத் தலையை லேசாகத் தூக்கியபடி குடிக்க வேண்டும். தாயிடம் அப்படித்தான் குடிக்கிறது. குடித்ததும் தாய் அடிவயிற்றை நக்கினால்தான் முதல் மூன்று வாரம் சிறுநீரும் மலமும் இறங்கும்; அநாதைக் குட்டிக்கு வெதுவெதுப்பான நீரில் நனைத்த பஞ்சு அந்த வேலையைச் செய்ய வேண்டும். இதைத் தெரியாமல் வேளாவேளைக்குப் பாலை மட்டும் கொடுத்து, வயிறு உப்பிச் செத்த குட்டிகள் ஏராளம்.

சீம்பால் மாட்டுக்கு எவ்வளவு முக்கியம் என்று டெல்டாவில் யாருக்கும் பாடம் எடுக்க வேண்டாம். நாய்க்கும் அதேதான். நோய் எதிர்ப்புப் புரதங்களில் பத்தில் ஒரு பங்குதான் நஞ்சுக்கொடி வழியாகக் குட்டிக்குப் போகிறது. மீதியெல்லாம் முதல் 24 மணி நேரத்துச் சீம்பாலில் வர வேண்டும். அதன் பிறகு குடல் அந்தக் கதவைச் சாத்திவிடும்.

பிறந்த உடனேயே குட்டியை மதிப்பிட மருத்துவர்களிடம் ஒரு முறை உண்டு. நியூயார்க்கில் மயக்க மருந்து நிபுணராக இருந்த வர்ஜீனியா ஆப்கர் 1952இல் மனிதக் குழந்தைகளுக்காக வகுத்தது அது. அழாமல் துவண்டு கிடக்கும் சிசுவைக் கைவிட்டதுபோல ஓரம் வைத்துவிடும் பழக்கம் அவரை உறுத்தியது. துடிப்பு, மூச்சு, தசை இறுக்கம், சீண்டினால் எதிர்வினை, நிறம் என்று ஐந்துக்கும் பூஜ்யம் முதல் இரண்டு வரை மதிப்பெண் போடச் சொன்னார். இத்தாலியக் கால்நடை மருத்துவர்கள் 2009இல் அதே ஐந்தையும் நாய்க்குட்டிக்கு ஏற்ப மாற்றினார்கள். நிமிடத்துக்கு 220க்கு மேல் துடிக்கும் இதயம், உரத்த கத்தல், துள்ளும் கால்கள், இளஞ்சிவப்பு ஈறு இருந்தால் முழு மதிப்பெண். நீலம் பாரித்த ஈறும் 180க்குக் கீழான துடிப்பும் இருந்தால் பூஜ்யம். உடனே தேய்த்து, வாயிலும் மூக்கிலும் உள்ள கோழையை எடுத்து, மூச்சுக்கு உதவ வேண்டும்.

நாய்க்குட்டிக்கு மார்க்கா என்று சிலர் சிரிக்கக்கூடும். இந்த மண்ணோடு சேர்த்துச் சொல்லப்படும் பழம்பாட்டிலும் நாய்க்குப் பெரிய மரியாதை இல்லைதான். குடவாயிற் கோட்டத்துச் சிறையில் தாகத்தோடு கிடந்த சேரமான் கணைக்கால் இரும்பொறை, புறநானூற்றின் 74ஆம் பாட்டில் தன் நிலைக்குச் சங்கிலியில் கட்டிய நாயைத்தான் உவமையாகச் சொல்கிறான். அந்தக் குடவாயில் தங்கள் குடவாசல்தான் என்பது ஊர்க்காரர்களின் பெருமை. அதே பாட்டு செத்துப் பிறந்த குழந்தையில்தான் தொடங்குகிறது. அதற்கும் உரிய மதிப்பைக் கொடுத்த குடி தன்னுடையது என்கிறான் அரசன்.

ஸ்டெதாஸ்கோப் இல்லாத வீட்டுக்குத் தராசு போதும். மளிகைக் கடையில் பருப்பு நிறுக்கும் எலக்ட்ரானிக் தராசு, கிராம் கணக்கில் காட்டுவதாக இருந்தால் அதைவிட நல்ல கருவி கிடையாது. முந்நூறு கிராமில் பிறந்த நாட்டுக்குட்டி முதல் நாளில் முப்பது கிராம் வரை இழக்கலாம், கவலையில்லை. இரண்டாம் நாளிலிருந்து ஏற வேண்டும், தினமும் ஐந்து முதல் பத்து சதவீதம். பத்தாம் நாள் வாக்கில் எடை இரட்டித்திருக்க வேண்டும். ஒரே நிறத்தில் ஆறு குட்டி இருந்தால் நகத்தில் வேறு வேறு நிற நெயில் பாலிஷ் ஒரு பொட்டு வைத்துவிடலாம். கழுத்தில் நூல் கட்டினால் குட்டி வளரவளர அது இறுகும். ஒரு நாள் எடை ஏறாவிட்டால் எச்சரிக்கை. இரண்டு நாள் இறங்கினால் மருத்துவர். கண்ணுக்கு நோய் தெரிவதற்கு முன்பே தராசு காட்டிக்கொடுத்துவிடும்.

காதும் உதவும். வயிறு நிறைந்த குட்டிகள் குவியலாகத் தூங்கும். தூக்கத்தில் கால் வெட்டிவெட்டி இழுக்கும். அது வலிப்பு இல்லை, நரம்பு வளரும் அறிகுறி. விடாமல் முனகும் குட்டி, குவியலை விட்டு விலகிக் கிடக்கும் குட்டி, தூக்கினால் கையில் துவளும் குட்டி மூன்றும் ஆபத்தில் இருப்பவை. எல்லாக் குட்டியும் சேர்ந்து கத்தினால் தாயைப் பார்க்க வேண்டும். காம்பு சூடாகக் கல் போல இறுகியிருந்தால் மடிநோய். குட்டி போட்ட இரண்டு, மூன்று வாரத்தில் தாய்க்குக் கை கால் நடுங்கி, மூச்சிரைத்து, விறைத்து நடந்தால் சுண்ணாம்புச் சத்துக் குறைவு. சில மணி நேரத்தில் உயிர் போய்விடும். 1962 என்ற எண்ணை அழைத்தால் கால்நடைப் பராமரிப்புத் துறையின் ஊர்தி வரும். ஒரத்தநாட்டில் 2012இல் தொடங்கிய அரசு கால்நடை மருத்துவக் கல்லூரியும் இருக்கிறது. மாட்டுக்கு மட்டும்தான் அங்கெல்லாம் வைத்தியம் என்று நினைத்துத் தயங்குபவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

பிறந்த அன்றே ஒருமுறை வாயைத் திறந்து மேலண்ணத்தைப் பார்ப்பது நல்லது. அங்கே பிளவு இருந்தால் குடித்த பால் மூக்கில் வரும். ஆசனவாய் திறந்திருக்கிறதா, தொப்புள் காய்ந்திருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். தொப்புளில் மஞ்சளும் சாம்பலும் வேண்டாம். டிங்சர் அயோடின் ஒரு சொட்டு போதும்.

கண் பத்து முதல் பதினான்கு நாளில் திறக்கும், காது அதற்குச் சில நாள் கழித்து. அதற்குள் பொறுமையிழந்து இமையைப் பிரித்துப் பார்க்கக் கூடாது. திறக்காத இமை வீங்கியிருந்தால் மட்டும் உள்ளே சீழ் இருக்கலாம், உடனே காட்ட வேண்டும். மூன்றாம் வாரம் தள்ளாடி நடக்கும், பல் முளைக்கும், வாலாட்டும். தூய வெள்ளை ராஜபாளையம் வாங்குபவர்கள் இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும்: வெள்ளை நிறத்தோடு பிறவிச் செவிடும் சேர்ந்து வரலாம். குவியலில் கைதட்டிப் பார்த்துப் பயனில்லை, செவிட்டுக் குட்டியும் பக்கத்துக் குட்டி எழுவதைப் பார்த்து எழுந்துவிடும். தனியாகத் தூங்கும்போது, காற்றும் அதிர்வும் படாத தூரத்திலிருந்து சத்தம் எழுப்பிப் பார்க்க வேண்டும்.

குடற்புழு பிறக்கும் முன்பே தாயிடமிருந்து வந்துவிடுகிறது. ஆகவே புழு மருந்து இரண்டாம் வாரத்திலேயே தொடங்கி, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை. 1978இல் உலகெங்கும் பரவிய பார்வோ வைரஸுக்கான தடுப்பூசி ஆறு முதல் எட்டாம் வாரத்தில் தொடங்கிப் பதினாறாம் வாரம் வரை சில தவணைகள்.

கண் திறந்ததுமே குட்டியைப் பையில் போட்டுக்கொண்டு போகும் வழக்கத்தை மட்டும் விட்டொழிக்க வேண்டும். சீக்கிரமே மனிதரோடு பழக வேண்டும் என்பது சரிதான். அமெரிக்காவின் பார் ஹார்பரில் நடந்த ஒரு சோதனையின் முடிவு 1961இல் வெளியானது. வேலியிட்ட வயலில் மனிதத் தொடர்பே இல்லாமல் பதினான்கு வாரம் வளர்ந்த குட்டிகள் பிறகு மனிதரிடம் ஒட்டவேயில்லை. அதனால் தாயிடம் இருக்கும்போதே, மூன்றாம் வாரத்திலிருந்து தினமும் கொஞ்ச நேரம் கையில் எடுத்துப் பழக்க வேண்டும்; பிரிப்பது எட்டு வாரத்துக்குப் பிறகு. குட்டிக்கு வெறிநாய்த் தடுப்பூசி மூன்றாம் மாதத்தில்தான் போடுவார்கள். அதுவரை அதன் பல் பட்டாலும் ‘குட்டிதானே’ என்று விடக் கூடாது. காயத்தைச் சோப்புப் போட்டுக் கால் மணி நேரம் ஓடும் தண்ணீரில் கழுவிவிட்டு அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டும். ஊசி தொடங்கும் நாளைப் பூஜ்யமாக வைத்து 3, 7, 28ஆம் நாட்களில் அடுத்த தவணைகள். அதற்குக் காசு கிடையாது.