ரெடிமேட் சைஸுக்கு ஒத்துவராத பாத்ரூமா? ஷவர் கதவு வாங்கும் முன் இதைப் படிச்சுடுங்க!

அக்கா வீட்டு பால்கனியில் ஒரு பெரிய கண்ணாடி, பழைய பெட்ஷீட் சுற்றி, சுவரோரம் சாய்ந்து நிற்கிறது. இரண்டே கால் அடி அகலம், ஆறரை அடி உயரம். பாத்ரூம் ஷவருக்குக் கதவாக வந்திருக்க வேண்டியது. வந்து இறங்கிய அன்றே தெரிந்துவிட்டது, அது அந்த வாசலுக்குள் நுழையாது என்று. கொடுத்த காசு போனது போனதுதான்.

அழகுக்காக அக்கா அதை வாங்கவில்லை. அம்மாவுக்கு முழங்கால் ஆபரேஷன் ஆகி இரண்டு மாதம்கூட ஆகாத நேரம். யாராவது குளித்துவிட்டு வந்தால் பாத்ரூம் முழுக்க ஈரம். ராத்திரி எழுந்து போகும்போது அம்மா ஒரு முறை வழுக்கி, வாஷ்பேசினைப் பிடித்துத் தப்பித்தார். குளிக்கிற இடத்தைத் தனியாக அடைத்துவிட்டால் மீதித் தரை காய்ந்தே இருக்குமே என்றுதான் இந்தக் கண்ணாடிக் கதவு யோசனை.

சிக்கல் அந்த இடத்தின் அளவில் இருந்தது. ஒரு பக்கம் பைப் மறைக்கிற சுவர், இன்னொரு பக்கம் வெளிச்சுவர், நடுவில் சுமார் 27 அங்குலம். நம்ம ஊர் ஃப்ளாட்களில் இப்படி ஏடாகூடமான அளவுகள் சகஜம். கடையில் ரெடியாக இருக்கும் கதவுகளோ குறிப்பிட்ட சில அகலங்களில்தான் வரும். அதனால், அளவு கொடுத்துச் செய்வதுதான் வழி. அளவெடுக்க வந்தவர் கீழே ஒரு முறை டேப்பை வைத்தார். 27½ அங்குலம். இடைவெளிக்கு அரை அங்குலம் கழித்து, 27 அங்குலத்தில் ஆர்டர் போய்விட்டது. மேலே அந்த வாசல் 26¾ அங்குலம்தான் என்பதை யாரும் பார்க்கவே இல்லை.

"கொஞ்சம் ஓரத்துல தேய்ச்சுக் குடுங்க" என்று அக்கா கேட்டார். அது முடியாது. ஏன் என்பது புரிந்தால் பாதி பிரச்னை தீர்ந்துவிடும். பாத்ரூம் கதவுக்குப் போடுவது டஃபன்ட் கண்ணாடி. அளவுக்கு வெட்டி, கீல், கைப்பிடிக்கான ஓட்டைகளைப் போட்ட பிறகு, 600 டிகிரி செல்சியஸுக்கும் மேல் சூடாக்கி, வேகமாகக் காற்றடித்துக் குளிர்விப்பார்கள். அதனால் மேற்பரப்பு இறுகிவிடும். சாதாரண கண்ணாடியைவிடப் பல மடங்கு பலம் வரும். உடைந்தாலும் கத்தி போன்ற துண்டுகளாக இல்லாமல், கல்கண்டு மாதிரி சிறுசிறு துண்டுகளாகச் சிதறும். ஆனால், அதற்குப் பிறகு வெட்டவோ துளை போடவோ முயன்றால் மொத்தமும் நொறுங்கிவிடும். ஆக, தவறை ஆர்டர் போடுவதற்கு முன்னால்தான் திருத்த முடியும்.

அதனால் டைல்ஸ் ஒட்டி முடித்த பிறகே அளவெடுங்கள். அகலத்தைக் கீழே, நடுவில், மேலே என மூன்று இடத்தில் எடுங்கள். உயரத்தை இடது, வலது என இரண்டு பக்கமும் பாருங்கள். பிறகு கொத்தனாரின் தூக்குக்குண்டைத் தொங்கவிட்டு எந்தச் சுவர் நேராக இருக்கிறது, எது சாய்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். தரையில் ரசமட்டம் வையுங்கள். தண்ணீர் வடிய வாட்டம் கொடுத்திருப்பதால் கீழ்ப்பக்கம் ஏறி இறங்கி இருக்கும்.

கீல் எப்போதும் நேரான சுவரில் வரட்டும். சாய்ந்த சுவரில் மாட்டினால் கதவு தானாகத் திறக்கும், இல்லாவிட்டால் தானாக மூடிக்கொள்ளும். எதிர்ச்சுவர் சாய்ந்திருந்தால் இரண்டு வழி உண்டு. கண்ணாடியின் அந்த ஓரத்தையே சுவரின் சாய்வுக்கு ஏற்ப வெட்டச் சொல்லலாம். அல்லது நேராக வெட்டிவிட்டு, சுவரில் அலுமினிய சேனல் பொருத்தி இடைவெளியை மறைக்கலாம். அக்கா இரண்டாவது முறை சாய்வாக வெட்டியே வாங்கினார்: கீழே 27, மேலே 26¼ அங்குலம். பார்த்தால் வித்தியாசமே தெரியவில்லை.

'ஸ்லைடிங் போட்டால் இடம் மிச்சம்' என்று கடையில் சொல்வார்கள். குறுகிய வாசலுக்கு அது சரிப்படாது. ஒரு கண்ணாடி இன்னொன்றின் மேல் நகர்வதால், திறந்தாலும் பாதி அகலம்தான் கிடைக்கும். 27 அங்குல வாசலில் பதிமூன்று சொச்சம், யார் நுழைவது? நாலு அடிக்கு மேல் அகலம் இருந்தால் யோசிக்கலாம். மூன்றரை அடி மாதிரி நடுத்தரமாக இருந்தால், ஒரு பகுதியில் அசையாத கண்ணாடி, மீதியில் இரண்டடிக்குக் குறையாத கதவு எனப் பிரிப்பது நல்லது. மாடிப்படிக்கு அடியில் இருக்கும் பாத்ரூம் என்றால் அட்டையிலோ பிளைவுட்டிலோ அச்சு எடுத்துக் கொடுத்துவிடுங்கள். எண்களை நம்ப வேண்டாம்.

கதவு எந்தப் பக்கம் திறக்கும் என்பதில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். உள்ளே ஒருவர் மயங்கி விழுந்தால், உள்பக்கம் திறக்கும் கதவை அவர் உடம்பே தடுத்துவிடும். வெளிப்பக்கம் திறக்க வேண்டும், தாழ்ப்பாள் வேண்டாம், காந்தப் பட்டை போதும். அதற்கு முன் கதவு டாய்லெட்டிலோ வாஷ்பேசினிலோ இடிக்குமா என்று அட்டையை வெட்டி ஒரு முறை சுழற்றிப் பாருங்கள்.

எடையும் முக்கியம். ஒரு சதுர மீட்டர் கண்ணாடி, ஒரு மில்லிமீட்டர் தடிமனுக்கு இரண்டரை கிலோ இருக்கும். இரண்டடிக்கு ஆறரை அடி கதவு 8 மி.மீ-ல் 24 கிலோ, 10 மி.மீ-ல் 30 கிலோ. அவ்வளவையும் சுவரில் இரண்டே கீல்கள் தாங்க வேண்டும். லைட்வெயிட் பிளாக் சுவர் என்றால் அதற்கேற்ற ஆங்கர் போடச் சொல்லுங்கள். அதேபோல, கண்ணாடிக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு எழுந்திருக்கக் கூடாது. பெரியவர்கள் பிடிக்க, சுவரில் தனியாகக் கம்பி வேண்டும். கண்ணாடியின் மூலையில் ஐ.எஸ்.ஐ முத்திரையும், ஐ.எஸ். 2553 என்ற எண்ணும் இருக்கிறதா பாருங்கள்.

கதவைக் கூரை வரை கொண்டுபோகாதீர்கள். நீராவி வெளியேற மேலே இடம் வேண்டும். வீட்டில் கேஸ் கீசர் இருந்தால் அதை பாத்ரூமுக்கு வெளியே மாற்றிவிட்டு மற்ற வேலையை ஆரம்பியுங்கள். காற்றோட்டம் இல்லாத இடத்தில் அது வெளியிடும் கார்பன் மோனாக்சைடு உயிரையே எடுக்கும்.

வாடகை வீடா? ஸ்பிரிங் ராடும் பிளாஸ்டிக் திரைச்சீலையும் எந்த அளவுக்கும் பொருந்தும், சுவரில் ஓட்டையும் வேண்டாம். இதைச் சொல்வதில் எனக்கு எந்தக் கூச்சமும் இல்லை. என் வீட்டில் அதுதான் தொங்குகிறது.

போர் தண்ணீர் வீடுகளில் இன்னொரு வேலை இருக்கிறது. துடைக்காமல் விட்டால் சில வாரங்களில் கண்ணாடி முழுக்க வெள்ளை வெள்ளையாக உப்பு படியும். அக்கா வீட்டில் ஒரு சின்ன வைப்பர் உள்ளேயே மாட்டியிருக்கிறது. கடைசியாகக் குளிப்பவர் துடைக்க வேண்டும் என்பது சட்டம். அதனாலேயே இப்போது எல்லோரும் முதல் ஆளாகக் குளிக்கப் போட்டி போடுகிறார்கள். அம்மாதான் எப்போதும் ஜெயிக்கிறார்.