வாளை எடுக்க மறுத்த வழங்கி

சென்ற மாரிக்காலத்தில் என் பழைய மாணவர் ஒருவர் மடிக்கணினியோடு வீட்டுக்கு வந்து, "ஐயா, ஒரு விளையாட்டுக்குத் தமிழ் வேண்டும், நீங்கள்தான் உதவவேண்டும்" என்றார். விளையாட்டு என்றதும் எனக்கு ஊக்கம் குன்றியது. அவர் திரையைத் திறந்து காட்டினார். படம் இல்லை, ஓசை இல்லை. கறுப்புத் திரையிலே பாழ்மண்டபம் ஒன்றின் வருணனை ஆங்கிலத்தில் ஐந்து வரிகளாய் நின்றது. அதன் கீழே '>' என்ற ஒரு குறி. அவ்விடத்தில் ஓர் ஏவலைத் தட்டெழுதினால் மண்டபம் மறுமொழி சொல்லும். வேறோர் ஊரில் இருப்பவரும் அதே வேளையில் அதே மண்டபத்தில் நிற்கலாம்; பேசலாம்; வாட்போரும் செய்யலாம். யாவும் எழுத்தாலேயே நடைபெறும். சொல்லையன்றி வேறு பொருளில்லாத உலகம் என்று கண்டபின் என் மனம் சற்று இளகியது.

இவ்வகை விளையாட்டின் தொடக்கம் இங்கிலாந்தின் எசெக்ஸ் பல்கலைக்கழகம். 1978இல் ரோய் ட்ரப்ஷோ என்னும் மாணவர் அங்கிருந்த பிடிபி-10 கணினியில் இதனை எழுதத் தொடங்கினார். 1980இல் றிச்சட் பாட்டில் என்னும் உடன்மாணவர் பொறுப்பேற்று வளர்த்தார். பல பயனர் நிலவறை என்று பொருள்படும் ஆங்கிலத் தொடரின் முதலெழுத்துக்களைக் கூட்டி 'மட்' என்றனர். பின்னர் கோப்பன்கேகன் பல்கலைக்கழகத்துக் கணினியியல் துறை மாணவர் ஐவர் தம் துறையின் சுருக்கப்பெயரை முன்னே சேர்த்து 'டிக்குமட்' என்ற ஒன்றை இயற்றினர். அதன் நிரல் 1991இல் வெளியிடப்பட்டது. பிறர் அதனைப் பெற்றுத் திருத்தித் தத்தம் உலகங்களை ஆக்கிக்கொண்டனர். என் மாணவர் கையிலிருந்தது அவ்வழி வந்த கிளைகளுள் ஒன்று.

மண்டபங்கள், சந்தை, சுரங்கம் ஆகியவற்றின் வருணனைகளை நான் தமிழில் எழுதிக் கொடுத்தேன். அவை திரையில் ஒரு பிழையுமின்றித் தோன்றின. ஆனால் விளையாடுவோர் தமிழில் எதைத் தட்டெழுதினாலும் மறுமொழி இல்லை. '>' என்ற குறி மட்டும் மீண்டும் வந்து நின்றது. வழங்கி தமிழ் பேசிற்று, தமிழ் கேட்கவில்லை.

மாணவர் நிரலை வரிவரியாகப் படித்தார். குற்றம் ஒரே வரியில் இருந்தது. வரும் எழுத்து அஸ்கி அட்டவணைக்குள், அதாவது 0 முதல் 127 வரையுள்ள எண்களுக்குள், அடங்குகின்றதா என்று கேட்டு, அடங்காததை அவ்வரி எறிந்துவிடும். அக்காலத்தில் இணைப்பின் வழியே குப்பைக் குறிகள் வந்து கலப்பது இயல்பு. ஆதலால் அது தக்க காவலே. இன்றைய யுனிகோட் முறையில் 'வ' என்னும் ஓரெழுத்து 224, 174, 181 என மூன்று பைற்றுகளாய் வருகின்றது. தமிழெழுத்துக்குரிய எந்தப் பைற்றும் 128க்குக் குறைந்ததன்று. எனவே காவலன் தமிழ் முழுவதையும் குப்பையென்றே கண்டான்.

அவ்வரியை நீக்கி, "32க்குக் குறைந்த கட்டுப்பாட்டுக் குறிகளை மட்டும் விலக்கு" என்று மாற்றினார். அப்போதும் பழைய மௌனமே. இரண்டு நாட்கள் இதிற் கழிந்தன. சி மொழியில் எழுத்து என்ற வகைக்கு இக்கணினியில் நேரெண்ணும் உண்டு, மறையெண்ணும் உண்டு. 127ஐக் கடந்த எண் மறையாக வாசிக்கப்படும். 224 என்பது −32 ஆகிவிடும். −32 என்பது 32க்குக் குறைந்ததுதானே! நிரல் சொன்னபடியே செய்தது. மறையெண் இல்லாத வகையென்று அறிவித்தபின் தமிழ் உட்சென்றது.

அன்றிரவு பத்தாம் வகுப்புப் பையன்கள் இருவரை விளையாடவிட்டோம். ஒருவன், யாரும் சொல்லாமலே, "வாளை எடு" என்று எழுதினான். "என்ன?" என்றது வழங்கி. மீண்டும் எழுதினான், மீண்டும் "என்ன?" சற்று யோசித்து, "எடு வாள்" என்றான். வாள் கைக்கு வந்தது. அதன்பின் அவன் "திற கதவு", "குடி தண்ணீர்" என்றே எழுதிச் சென்றான். இயந்திரத்துக்காகத் தன் மொழியை முறித்துக்கொள்ள அவனுக்கு ஒரு நிமிடமும் பிடிக்கவில்லை. எனக்கு அது உறுத்திற்று.

"ஐயா, முதற்சொல்லே வினை என்பது இந்நிரலின் அடிப்படை. அப்படியே விட்டால் என்ன? பிள்ளைகள் பழகிவிடுவார்கள்" என்றார் மாணவர்.

"பழகிவிடுவார்கள் என்பதுதான் தம்பி என் கவலை" என்றேன்.

கடைசிச் சொல்லை வினையாகக் கொள்ளும்படி அவர் மாற்றினார். அது எளிதாகவே முடிந்தது. ஆயினும் "வாளை எடு" என்றால் "அப்படி ஒன்றும் இங்கில்லை" என்ற விடை வந்தது. இந்நிரல் பெயரின் முற்பகுதி பொருந்தினாலே பொருளை அறிந்துகொள்ளும். நெடும்பெயரை முழுவதும் எழுதவேண்டியதில்லை. அப்படியாயின் 'வாள்', 'வாளை' இரண்டும் தொடக்கத்தில் ஒன்றுதானே என்று நான் கேட்டேன். ஒன்றல்ல. கணினியில் 'வாள்' என்பது வ, கால், ள, புள்ளி என நான்கு குறிகள். 'வாளை' என்பது வ, கால், ள, ஐகாரக் குறி. நான்காம் குறியில் இரண்டும் வேறுபடுகின்றன. நம் இலக்கணத்தில் மெய் முந்தியது. அதன்மேல் அகரம் ஏறி உயிர்மெய் ஆகும். இங்கோ அகரமேறிய ளகரம் முந்தியது. புள்ளி வந்து அகரத்தைக் களைகின்றது. நாற்பது ஆண்டுகள் தமிழ் படித்தும் இத்தலைகீழ் என் கண்ணிற் படாதிருந்தது!

உருபைக் களைந்து பெயரை மீட்கலாம் என்று முதலில் நினைத்தேன். வாளை என்பதில் ஐகாரத்தை நீக்கிப் புள்ளியிட்டால் வாள். கல்லை என்பதில் இரட்டித்த லகரம் ஒன்றைக் குறைக்கவேண்டும். மரத்தை என்பதில் அத்துச் சாரியையை எடுத்து மகரத்தை மீட்கவேண்டும். "வாளைப் பார்" என்றால் இடையே ஒரு பகரவொற்று வேறு. இவ்வளவும் செய்துவிடலாம். ஆனால் பாட்டை என்பதைப் பிரித்தால் பாட்டு வருமா, பாடு வருமா? பாதையைக் குறிக்கும் பாட்டையும் உண்டே! இயந்திரம் எதைத் தெரியும்?

நன்னூலார் வழி வேறு. நிலைமொழியையும் வருமொழியையும் முன்னே வைத்துச் சேர்க்கை எப்படி நிகழும் என்றே புணர்ச்சி விதிகள் கூறுகின்றன. நாங்களும் அவ்வழியே சென்றோம். வழங்கி எழும்பொழுதே ஒவ்வொரு பொருளின் பெயரையும் உருபேற்று, வீடு, வீட்டை, வீட்டில், வீட்டால் என அதன் பெயர்ப் பட்டியலிற் சேர்த்துவிடும். க், ச், த், ப் என முடியும் வடிவங்களையும் சேர்க்கும். விதிகளை நான் தாளில் எழுத, அவர் நிரலாக்கினார். நான் மறந்த குற்றியலுகர விதியொன்றை அவர் நினைவூட்டியதையும் சொல்லத்தான் வேண்டும். பாடம் அவருக்கு மறக்கவில்லை.

சென்ற கிழமை அதே பையன் பாழ்மண்டபத்துள் நுழைந்தான். தரையில் ஒரு பிச்சையோடு கிடந்தது. கூரையில் ஓர் ஓட்டை இருந்தது. "ஓட்டைப் பார்" என்று எழுதினான். ஓடு ஐயுருபேற்றும் ஓட்டை, துவாரமும் ஓட்டை. வழங்கி பட்டியலில் முந்திய பிச்சையோட்டைக் காட்டிற்று. ஒரே பெயரில் இரண்டு பொருள்கள் இருந்தால் இலக்கமிட்டு அழைக்கும் வழக்கம் பழைய நிரலிலேயே உண்டு. பையன் "2.ஓட்டைப் பார்" என்றான். கூரை வழியே நிலா தெரிந்தது.