மூக்கடைப்பு: தலையணை முதல் தைலம் வரை

தேர்வுக் காலத்தில் பல்கலைக்கழக நூலகத்தில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பாருங்கள். ஏடு புரளும் ஓசையைவிட மூக்கு உறிஞ்சும் ஓசைதான் அதிகம் கேட்கும். வீட்டில் சொன்னால் கேள்விகள் வரிசையாக வரும். "ராத்திரியில தலைக்குக் குளிச்சியா? ஐஸ் தண்ணி குடிச்சியா? தயிர் சாப்பிட்டியா?" மூன்றுக்கும் 'இல்லை' என்று பதில் சொன்னாலும் மூக்கடைப்பு மட்டும் விடுவதில்லை.

நீர்க்கோவை, பீனிசம் என்று நம் முன்னோர் பெயரிட்ட இந்தத் தொல்லையை இன்று ஒரே சொல்லில் 'சைனஸ்' என்று சொல்லிவிடுகிறோம். உயிருக்கு ஆபத்தில்லை என்பதால் யாரும் இதைப் பெரிதாக நினைப்பதில்லை. ஆனால் இரவெல்லாம் வாயால் மூச்சுவிட்டுக் காலையில் விரிவுரைக்குப் போகிறவரைக் கேளுங்கள். தூக்கம் கெடுகிறது, கவனம் சிதறுகிறது, சாப்பாட்டின் மணம்கூடத் தெரிவதில்லை. அதோடு, நாமாகச் செய்துகொள்ளும் சில வைத்தியங்களே நோயை நீட்டித்தும் விடுகின்றன. எனவே இதைக் கொஞ்சம் விளங்கிக்கொள்வது நல்லது.

மூக்கின் வேலை

மூக்கு வெறும் துவாரம் அன்று. உள்ளே போகும் காற்றைச் சூடாக்கி, ஈரப்படுத்தி, தூசியை வடிகட்டி நுரையீரலுக்கு அனுப்புவது அதன் பணி. இதற்காக ஒவ்வொரு பக்கத்துச் சுவரிலும் மூன்று மடிப்புகள் உள்ளன. அவற்றில் இரத்தம் நிறைந்தால் வீங்கும், வடிந்தால் சுருங்கும். மூக்கு அடைத்திருக்கிறது என்று நாம் சொல்லும்போது பெரும்பாலும் அங்கே சளி கட்டியிருப்பதில்லை, மடிப்புகள் வீங்கியிருக்கின்றன. எவ்வளவு சிந்தினாலும் அடைப்பு விலகாததற்குக் காரணம் இதுதான்.

நலமாக இருப்பவருக்கும் சில மணி நேரத்துக்கு ஒருமுறை ஒரு பக்கம் சற்று அடைத்து மறுபக்கம் திறக்கும். ஜெர்மன் மருத்துவர் ரிச்சர்ட் கைசர் இதை 1895ஆம் ஆண்டிலேயே விவரித்தார். படுக்கும்போது தலைப்பகுதியில் இரத்தம் கூடுவதால் இரவில் அடைப்பும் அதிகமாகத் தெரியும்.

சைனஸ் என்பவை முகத்து எலும்புகளுக்குள் இருக்கும் காற்றறைகள். கன்னம், நெற்றி, கண்களுக்கு நடுவே, மண்டையோட்டின் ஆழத்தில் என நான்கு இணைகள் உண்டு. இவற்றில் கன்னத்து அறையின் வாசல் அதன் மேற்பகுதியில் இருக்கிறது. தண்ணீர் போகும் துளையைக் கூரையருகே வைத்துக் கட்டிய குளியலறையைக் கற்பனை செய்துகொள்ளுங்கள்! கண்ணுக்குத் தெரியாத நுண்மயிர்கள் சளியை ஓயாமல் மேல்நோக்கித் தள்ளுவதால்தான் அந்த அறை சுத்தமாக இருக்கிறது. வாசலைச் சுற்றியுள்ள சவ்வு வீங்கினால் வழி அடைபடும், உள்ளே நீர் தேங்கும், முகம் கனக்கும்.

சிங்கப்பூரில் ஏன் இவ்வளவு?

குளிர்நாடுகளில் பலருக்கு மகரந்தக் காலம் வந்தால் மூக்கு ஒழுகும், காலம் போனால் நின்றுவிடும். இங்கே ஆண்டு முழுவதும் ஒரே காலம், எனவே தொல்லையும் ஆண்டு முழுவதும். சிங்கப்பூரில் காற்றின் ஈரப்பதம் ஆண்டுச் சராசரியாக 80 விழுக்காட்டுக்கு மேல். இந்த ஈரத்தில் செழித்து வாழ்பவை தூசிப்பூச்சிகள். ஒரு மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லாத இவை நம் தோலிலிருந்து உதிரும் செதில்களைத் தின்று மெத்தையிலும் தலையணையிலும் வாழ்கின்றன. தண்ணீர் குடிப்பதில்லை, காற்றின் ஈரத்தையே உடலில் உறிஞ்சிக்கொள்கின்றன. இவற்றின் கழிவுதான் நம் மூக்கை உறுத்துகிறது. 1973இல் அறிவியல் பெயர் பெற்ற 'புளோமியா டிராபிகாலிஸ்' என்ற வெப்பமண்டல வகை இங்குள்ள வீடுகளில் மிகுதி.

2014இல் வெளியான ஒரு சிங்கப்பூர் ஆய்வு, இங்குள்ளவர்களின் ஒவ்வாமைக்குப் பெரும்பாலும் தூசிப்பூச்சியே காரணம் என்று காட்டியது. வெளிநாட்டிலிருந்து வந்தவர்களிடம், இங்கே வாழும் ஆண்டுகள் கூடக்கூட இந்த ஒவ்வாமையும் கூடுகிறது என்றும் அது கண்டது. தமிழகத்திலிருந்து படிக்க வந்த நண்பர்கள் சிலர், "ஊரில் எனக்கு இந்தத் தொல்லையே இருந்ததில்லை" என்று சொல்வதில் உண்மை இருக்கலாம்.

எனவே காலையில் எழுந்ததும் அடுக்கடுக்காகத் தும்மினால் முந்தைய நாள் குடித்த ஐஸ் மைலோவை மட்டும் குறை சொல்லாதீர்கள். எட்டு மணி நேரம் முகம் புதைத்த தலையணையையும் சந்தேகிக்க வேண்டும்.

புகைக்கும் இதில் பங்குண்டு. 2013 ஜூன் 21 அன்று புகைமூட்டத்தால் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 401 வரை ஏறியது. 2015 செப்டம்பர் 25 அன்று தொடக்க, உயர்நிலைப் பள்ளிகள் மூடப்பட்டன. அந்நாட்களில் நலமானவர்களின் மூக்கே எரிந்ததென்றால் ஒவ்வாமை உள்ளவர்களைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. புகைமூட்டம் எப்போதாவதுதான் வரும். மூடிய அறைக்குள் நாமே ஏற்றும் ஊதுபத்தியும் சாம்பிராணியும் நாள்தோறும் உண்டு. சாமி கும்பிட வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. சன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு கும்பிடலாம்.

கோடாலித் தைலத்தின் மாயம்

தேக்காவில் மளிகைக் கடையிலும் முஸ்தபா கடைத்தொகுதியிலும் தைலப் புட்டிகளின் அணிவகுப்பைப் பார்க்கலாம். 1893இல் பம்பாயில் காசிநாதுனி நாகேஸ்வர ராவ் தொடங்கிய அமிர்தாஞ்சனம் ஒருபுறம், 1928இல் சிங்கப்பூரில் பிறந்த கோடாலித் தைலம் மறுபுறம். விடுமுறைக்கு ஊர் போகும்போது சொந்தக்காரர்களுக்குக் கோடாலித் தைலம் வாங்காமல் போனவர் நம்மில் உண்டா?

தைலத்தை முகர்ந்ததும் மூக்கு திறந்துவிட்டதுபோல் இருக்கும். பிரிட்டனின் கார்டிஃப் நகரில் ரொனால்ட் எக்கிள்ஸ் 1980களில் இதை அளந்து பார்த்தார். மென்தாலை முகர்ந்தவர்கள் மூச்சு எளிதாகிவிட்டது என்றார்கள், ஆனால் மூக்கின் அடைப்பு இம்மியும் குறையவில்லை! குளிர்ச்சியை உணரும் நரம்பை மென்தால் தூண்டுகிறது. குளிர்ந்த காற்று தாராளமாகப் போவதாக மூளை எண்ணிக்கொள்கிறது. 2002இல் கண்டறியப்பட்ட அந்தக் குளிருணர் வாயிலும் டேவிட் ஜூலியஸ், ஆர்டெம் படபூட்டியன் இருவருக்கும் 2021இல் நோபெல் பரிசு பெற்றுத்தந்த ஆய்வுகளில் ஒன்று.

அதனால் தைலம் வீண் என்று பொருளில்லை. தூங்கப் போகுமுன் ஆறுதலாக இருந்தால் தடவிக்கொள்ளலாம். ஆனால் அது வீக்கத்தைக் குறைக்காது. கற்பூரம் சேர்ந்த தைலத்தைக் குழந்தையின் மூக்கருகே தடவவே கூடாது. கற்பூரம் வயிற்றுக்குள் போனால் வலிப்பு வரலாம். நொச்சியிலை போட்டு ஆவி பிடிப்பதும் இதமானதுதான், ஆனால் கொதிக்கும் பாத்திரம் மடியில் கவிழ்ந்தால் பெரும் தீக்காயம். பாத்திரத்தை மேசைமேல் உறுதியாக வைக்கவும். சிறுவர்களுக்கு வேண்டாம்.

எது உதவும், எது கெடுக்கும்?

முதலில் கெடுப்பதைச் சொல்லிவிடுவோம். ஆக்சிமெட்டாசோலின், சைலோமெட்டாசோலின் அடங்கிய மூக்குத் தெளிப்பான்கள் சில நிமிடங்களில் மூக்கைத் திறந்துவிடும். ஒரு வாரத்துக்கு மேல் தொடர்ந்தால் மருந்தின் வேகம் தணியும்போதெல்லாம் மடிப்புகள் முன்னைவிட வீங்கும். மீண்டும் தெளிக்கத் தோன்றும். இப்படி மாதக்கணக்கில் புட்டியைச் சட்டைப்பையிலேயே வைத்திருப்பவர்கள் உண்டு. மூன்று முதல் ஐந்து நாட்களோடு நிறுத்துவதே பாதுகாப்பு. அடைப்பு மாத்திரைகள் பலவற்றில் உள்ள ஃபினைலெஃப்ரின் விழுங்கினால் பயன் தருவதில்லை என்று 2023இல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகத்தின் நிபுணர் குழு ஒருமனதாகக் கூறியது.

ஒவ்வாமை அடைப்புக்கு மருத்துவர்கள் முதலில் நம்புவது ஸ்டீராய்டு மூக்குத் தெளிப்பான். பெயரைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். அளவு மிகக் குறைவு, அதுவும் மூக்கோடு நின்றுவிடுகிறது. ஆனால் இது உடனே வேலை செய்யாது. நாள்தோறும் தெளித்து இரண்டு வாரம் வரை பொறுக்க வேண்டும். மூன்றாம் நாளே "பயனில்லை" என்று விட்டுவிடுவோர்தான் அதிகம். வலது மூக்குக்கு இடது கையாலும் இடது மூக்குக்கு வலது கையாலும் தெளித்தால் மருந்து நடுச்சுவரில் படாது, இரத்தக்கசிவும் குறையும். தும்மலுக்கும் அரிப்புக்கும் ஒவ்வாமை மாத்திரை உதவும். பழைய வகையான குளோர்ஃபெனிரமின் தூக்கம் வரவழைக்கும். தேர்வு வாரத்தில் லோராடடின், ஃபெக்ஸோஃபெனடின் போன்ற புதிய வகைகளே நல்லது.

உப்புநீரால் மூக்கைக் கழுவுவது நம் யோக மரபில் 'நேத்தி' எனப்படும். இன்றைய மருத்துவமும் இதை ஏற்கிறது. ஒரு லிட்டர் நீருக்கு 9 கிராம் உப்பு, அதாவது ஏறத்தாழ ஒன்றரைத் தேக்கரண்டி. நீர் மட்டும் கொதிக்கவைத்து ஆறியதாக இருக்க வேண்டும். சிங்கப்பூர்க் குழாய்நீரைக் குடிக்கலாமே என்பீர்கள். வயிற்றில் அமிலம் இருக்கிறது, மூக்கில் இல்லை. 2011இல் அமெரிக்காவின் லூயிசியானாவில் குழாய்நீரால் மூக்கைக் கழுவிய இருவர், நீரிலிருந்த அமீபா மூளைக்குச் சென்று இறந்தனர். இது மிக அரிது. ஆனால் ஒரு கெட்டில் வெந்நீரில் தவிர்க்கக்கூடிய ஆபத்து இது.

படுக்கையைக் கவனியுங்கள். விரிப்பையும் தலையணை உறையையும் வாரம் ஒருமுறை 60 பாகைச் சுடுநீரில் துவைத்தால் பூச்சிகள் சாகும். விடுதியில் குளிர்நீர் இயந்திரம்தான் என்றால், துவைத்தபின் சூடான உலர்த்தியில் போடுங்கள். கம்பளத்தையும் பஞ்சுப் பொம்மைகளையும் குறையுங்கள். பூச்சிபுகா உறை ஒன்றே போதும் என்று விற்பவர்கள் சொல்வதை அப்படியே நம்ப வேண்டாம். 2003இல் வெளியான ஒரு நெதர்லாந்து ஆய்வில் அத்தகைய உறைகள் மெத்தையில் தூசிப்பூச்சியின் ஒவ்வாமைப் பொருளைக் குறைத்தன, ஆனால் மூக்குத் தொல்லையைக் குறைக்கவில்லை. எல்லாவற்றையும் சேர்த்துச் செய்ய வேண்டும்.

தலைவலியெல்லாம் சைனஸா?

நெற்றி கனத்தால் 'சைனஸ் தலைவலி' என்று நாமே முடிவு கட்டிவிடுகிறோம். 2004இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், தமக்குச் சைனஸ் தலைவலி என்று நம்பிய 2,991 பேரைச் சோதித்தார்கள். அவர்களில் 88 விழுக்காட்டினருக்கு இருந்தது ஒற்றைத் தலைவலி வகை! ஒற்றைத் தலைவலியிலும் மூக்கு அடைக்கும், கண்ணில் நீர் வரும் என்பதால் வரும் குழப்பம் இது. வெளிச்சம் கூசி, குமட்டலும் சேர்ந்து வந்தால் மருத்துவரிடம் அதைச் சொல்லுங்கள். ஆண்டுக்கணக்கில் தவறான மருந்தை விழுங்குவதைத் தவிர்க்கலாம்.

எப்போது மருத்துவரைப் பார்ப்பது?

சளி மஞ்சளாகவோ பச்சையாகவோ மாறினாலே ஆன்டிபயாடிக் தேவை என்பதில்லை. சாதாரண வைரஸ் சளியிலும் நிறம் மாறும். பத்து நாளாகியும் குறையாவிட்டாலும், குறைந்து மீண்டும் முற்றினாலும் மருத்துவரைப் பாருங்கள். அடைப்பு, சளி, முகவலி, மணம் தெரியாமை ஆகியவை 12 வாரங்களுக்கு மேல் நீடித்தால் அது நாள்பட்ட சைனஸ் அழற்சியாக இருக்கலாம். உள்நோக்குக் குழாய் வழியே பார்த்தால்தான் மூக்கினுள் சதை வளர்ந்திருக்கிறதா என்பது தெரியும். பலதுறை மருந்தகத்தின் பரிந்துரைக் கடிதத்தோடு போனால் அரசாங்க மருத்துவமனையின் காது மூக்குத் தொண்டை நிபுணரிடம் சலுகைக் கட்டணம் கிடைக்கும்.

ஒரு பக்கம் மட்டும் நீங்காத அடைப்பு, அடிக்கடி இரத்தக்கசிவு, கழுத்தில் கட்டி ஆகியவற்றைத் தள்ளிப்போடக் கூடாது. கண் வீக்கம், பார்வை மங்கல், கடும் காய்ச்சலோடு தலைவலி என்றால் அன்றே அவசரப் பிரிவுக்குச் செல்லுங்கள்.

நண்பர்களே, ஒவ்வாமையை முற்றிலும் ஒழிக்கும் மாத்திரை இன்னும் இல்லை. ஆனால் அடக்கி வைக்க வழியுண்டு. அடுத்த தேர்வுக்கு முன்பே தெளிப்பானைத் தொடங்குங்கள், உப்புநீருக்கு வெந்நீர் ஆற வையுங்கள். முதல் வேலையாக, இந்த வார இறுதியில் தலையணை உறையைத் துவைத்துப் போடுங்கள்.