வெள்ளிக்கடைத் தகராறு

ஊர்வலத்தில் தொண்டை கிழியக் கோஷம் போடுகிறவரை ஓரமாக அழைத்து, ‘எதுக்கு சார் கோஷம்?’ என்று கேட்டுப் பாருங்கள். பாதிப் பேர் முழிப்பார்கள். இது இன்று நேற்று வந்த வியாதி இல்லை. கி.பி. 55 வாக்கிலேயே எபேசு நகரத்தில் இருந்திருக்கிறது. பைபிளில், அப்போஸ்தலர் நடபடிகள் 19-ம் அதிகாரம்.

எபேசு, இன்றைய துருக்கியின் மேற்குக் கரையில் இருந்த ரோமானியத் துறைமுகம். கப்பல், சரக்கு, சுங்கம் என்று எந்நேரமும் ஜேஜே! ஊருக்கு வெளியே ஆர்ட்டெமிஸ் தேவியின் கோயில். ஏழு உலக அதிசயங்களில் ஒன்று. தூண்கள் 127 என்று பிளினி என்ற ரோமானியர் எழுதி வைத்திருக்கிறார். கோயில் மட்டுமல்ல, பேங்க்கும் அதுதான். காசுள்ளவர்கள் அங்கே டெபாசிட் போட்டு வைப்பார்கள். தேவி காவல் இருக்கும்போது எவன் கை வைப்பான்?

அந்த ஊருக்குத்தான் பவுல் வந்தார். கூடாரம் செய்கிற தொழிலாளி. அதே தொழில் செய்த ஆக்கில்லா - பிரிஸ்கில்லாள் தம்பதியின் வீடுதான் ஆரம்ப கால சர்ச். திறன்னு என்பவருடைய பாடசாலையில் பவுல் இரண்டு வருஷம் தினமும் பேசினார். ஒரு பழைய கையெழுத்துப் பிரதி டைம்கூடச் சொல்கிறது: காலை 11 முதல் மாலை 4 வரை. ஊரே சாப்பிட்டுவிட்டுக் கட்டையைச் சாய்க்கிற நேரம். ஹால் காலியாக இருந்திருக்கும்!

அப்படியும் ஆள் சேர்ந்தது. சேர்ந்தவர்களில் சிலர், தங்களிடமிருந்த மந்திரவாதப் புத்தகங்களைக் கொண்டுவந்து எல்லோருக்கும் முன்னால் கொளுத்தினார்கள். மதிப்பு 50,000 வெள்ளிக்காசு. ஒரு காசு, கூலியாளின் ஒரு நாள் சம்பளம். லீவே போடாமல் உழைத்தாலும் கிட்டத்தட்ட 137 வருஷம்!

இங்கேதான் தெமேத்திரியு வருகிறார். ஆர்ட்டெமிஸ் கோயிலைச் சின்னச் சின்னதாக வெள்ளியில் செய்து விற்கிறவர். கையால் செய்தது கடவுளே இல்லை என்று ஒருத்தன் ஊரெல்லாம் பேசினால் சரக்கு எப்படிப் போகும்? தொழிலாளிகளைக் கூட்டினார். ‘நம்ம பிழைப்பே இதுலதான் இருக்கு’ என்று ஆரம்பித்து, தேவியின் மகிமைக்கும் ஆபத்து என்று முடித்தார். வரிசையைக் கவனியுங்கள். முதலில் பிழைப்பு, அப்புறம்தான் மகிமை!

கூட்டம் பவுலின் சகாக்கள் இரண்டு பேரை இழுத்துக்கொண்டு நாடக அரங்கத்துக்குப் பாய்ந்தது. சுமார் 25,000 பேர் உட்காரக்கூடிய அரங்கம். பவுலும் கிளம்பினார், சீடர்கள் விடவில்லை. உள்ளே, ‘ஆர்ட்டெமிஸே பெரியவள்’ என்று இரண்டு மணி நேரம் ஒரே கோஷம். எதற்காக வந்தோம் என்றே பெரும்பாலோருக்குத் தெரியவில்லையாம்.

அந்த இரண்டு பேரின் உயிரைக் காப்பாற்றியது ஒரு ஆபீஸர். பழைய தமிழ் பைபிள் அவரைப் பட்டணத்துச் சம்பிரதி என்கிறது. பேர்கூடப் போடவில்லை, பாவம். ‘தேவியின் புகழ் ஊரறிந்தது. இவர்கள் கோயிலைக் கொள்ளையடிக்கவில்லை, தேவியைத் திட்டவும் இல்லை. குறை இருந்தால் கோர்ட் திறந்திருக்கிறது. இன்றைய கலாட்டாவுக்கு மேலிடம் விளக்கம் கேட்டால் நாம் என்ன சொல்வது?’ என்கிற ரீதியில் பேசினார். கடைசிப் பாயின்ட்தான் வேலை செய்திருக்கும் என்பது என் அபிப்பிராயம். கூட்டம் கலைந்தது.

இதெல்லாம் கிறிஸ்தவர்கள் தரப்பு எழுதி வைத்தது. தெமேத்திரியு தரப்பு எழுத்தில் இல்லை. ஆனால் மனுஷன் பயந்ததில் அர்த்தம் இருக்கிறது. சுமார் 112-ல், அதே துருக்கியின் வடபகுதியில் கவர்னராக இருந்த இன்னொரு பிளினி (முன்னவரின் மருமகன்) சக்கரவர்த்திக்கு எழுதிய கடிதத்தில், கிறிஸ்தவர்கள் பெருகியதால் பலி மாமிசத்தை வாங்க ஆள் கிடைப்பதே அபூர்வமாக இருந்தது என்கிறார். பட்டறையில் கூலிக்கு உட்கார்ந்தவனுக்கு இது வயிற்றுப் பிரச்னை. அவனை வில்லனாக்க எனக்கு மனசு வரவில்லை.

கோயிலை 3-ம் நூற்றாண்டில் கோத்தியர்கள் சூறையாடினார்கள். 431-ல் அதே ஊரில், மரியாளின் பெயரிலிருந்த சர்ச்சில் பிஷப்புகள் கூடி, அவரை இறைவனின் தாய் என்று அழைப்பது சரியே என்று முடிவு கட்டினார்கள். துறைமுகத்தையோ ஆற்று வண்டல் மூடிவிட்டது. இப்போது கடல் ஐந்தாறு கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது.

127 தூண்கள் நின்ற இடத்தில், கிடைத்த துண்டுகளை அடுக்கி நிறுத்திய ஒரே ஒரு தூண். அரங்கம் இன்னும் இருக்கிறது. டூர் போகிறவர்களுக்கு அந்த வட்டாரக் கடைகளில் சின்னச் சின்ன ஆர்ட்டெமிஸ் சிலைகள் கிடைக்கும். பேரம் பேசி வாங்கலாம்.